கயிறும் பூவும் கல்லும்

குமரி மாவட்டத்தில் வெடி இல்லாமல் ஒரு திருநாளும் கழியாது. அம்மன் கொடையா, சர்ச் திருவிழாவா, கிறிஸ்துமஸ் இரவா, தேர்தல் வெற்றியா, எதுவானாலும் வெடிதான் முதலில் சேதி சொல்லும். இதே மாவட்டத்தில் பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை, ஞாரான்விளை என நான்கு ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 முதல் 2009 வரை அலையலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். 1990 ஜூனில் மறுபடி போர் மூண்ட பின் வந்தவர்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். மன்னார்க் கரையில் படகேறி, தனுஷ்கோடி மணலில் இறங்கி, மண்டபத்தில் பெயர் பதிந்து, அரசு காட்டிய ஊருக்குப் பஸ் ஏறியவர்கள். கையில் பையோ பெட்டியோ இருந்ததோ இல்லையோ, இடுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு முதல் கொடைவெடி எப்படிக் கேட்டிருக்கும் என்று அறிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆராய்ச்சி தேவைப்படுவது அடுத்த கேள்விக்கு. ஒரு பிள்ளை மூன்றாவது வருடக் கொடையில் மற்றப் பிள்ளைகளோடு நின்று வாணம் பார்க்கிறது. அதே படகில் வந்த இன்னொன்று பத்து வருடம் கழித்தும் வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போகிறது. ஏன் இந்த வித்தியாசம்? இரண்டாவது பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

பயம் நோயில்லை. ஷெல் விழும்போது பயப்படாத மூளைதான் பழுதான மூளை. கண்ணும் காதும் கொண்டுவரும் ஆபத்துச் சேதி மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதிக்கு வெகு வேகமாகப் போய்ச் சேர்கிறது. யோசிக்கும் பகுதி விழித்துக்கொள்வதற்கு முன்பே அட்ரினலின் சுரந்து, நெஞ்சு படபடத்து, கால்கள் ஓட ஆயத்தமாகிவிடுகின்றன. உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. சிக்கல் பிறகுதான் வருகிறது. சாதாரண நாளில் நடப்பதை மூளை இரண்டு விதமாகப் பதிகிறது. என்ன பார்த்தோம், என்ன மணந்தது, உடம்பு என்ன செய்தது என்பது ஒரு பதிவு. எங்கே, எப்போது, எதற்குப் பின் எது என்பது இன்னொரு பதிவு. இந்த இரண்டாவதில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. உயிர்ப்பயத்தின் உச்சத்தில் முதல் பதிவு ஆழமாக விழுகிறது, இரண்டாவது குலைந்துபோகிறது. உளவியலாளர்கள் இவற்றைச் சூடான நினைவு, குளிர்ந்த நினைவு என்று பிரித்துச் சொல்வார்கள்.

இதனால் நேர்வது என்ன? கணக்கு நோட்டில் தேதி போடாமல் எழுதிவைத்த கடன் மாதிரி அந்த நினைவு கிடக்கிறது. எப்போது அடைத்தோம் என்று காட்ட வழியில்லை. கந்தக வாசம் வந்தால் கேட்டு வருகிறது, ஹெலிகாப்டர் பறந்தால் கேட்டு வருகிறது, போலீஸ் உடுப்பைக் கண்டாலும் வருகிறது. பிள்ளைக்கு அது பழைய சம்பவம் ஞாபகம் வருவதாகத் தோன்றுவதில்லை. மறுபடி நடப்பதாகவே உடம்பு எடுத்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் இதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று தமிழில் வழங்கினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் பிடிஎஸ்டி என்று இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல்தான் அதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களை மனதில் வைத்து.

பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அப்போதும் அசையாமல் இருந்தது. அதை அசைத்தவர்களில் லெனோர் டெர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் முக்கியமானவர். 1976-இல் கலிஃபோர்னியாவின் சௌசில்லா என்ற சிற்றூரில் ஒரு பள்ளிப் பேருந்தைக் கடத்தி, 26 பிள்ளைகளையும் ஓட்டுநரையும் மண்ணுக்கடியில் புதைத்த ஒரு வண்டிக்குள் அடைத்துவைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்த டெர், நான்கு வருடம் கழித்தும் அவர்கள் ஒருவர்கூட அதன் பாதிப்பிலிருந்து முழுக்க விடுபடவில்லை என்று எழுதினார். அவர் கவனித்த இன்னொன்று, அவர்களுடைய விளையாட்டு. பிள்ளை ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப விளையாடும். சந்தோஷம் இருக்காது, முடிவு மாறாது, விளையாடி முடித்தாலும் மனம் ஆறாது. முகாம்களில் வேலை செய்கிறவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் விளையாட்டு இது. குச்சியைத் துவக்காக்கி எல்லாப் பையன்களும்தான் விளையாடுவார்கள். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரே பையன் தினமும் அதே மூலையில், அதே ஆளாக, அதே மாதிரி விழுந்து கிடந்தால் கவனிக்க வேண்டும்.

மற்ற அடையாளங்களும் எடுப்பானவை அல்ல. நின்றுபோன படுக்கை நனைத்தல் ஏழெட்டு வயதில் திரும்ப வரும். அம்மாவின் சேலைத் தலைப்பை விடாது. தூக்கத்தில் தூக்கித் தூக்கிப் போடும். வகுப்பில் கண் வாத்தியார் மேல் இருக்கும், புத்தி எங்கோ இருக்கும். வாத்தியார் இதற்கு மந்தம் என்று பெயர் வைப்பார், வீட்டில் அடம் என்பார்கள். வன்னியில் 420 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 92 சதவீதம் பேர் கொடுமையான சம்பவம் ஒன்றையாவது நேரில் அனுபவித்திருந்தார்கள். மொத்தப் பிள்ளைகளில் மனவடு நோய் என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தவர்கள் 25 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லோரும் கண்டார்கள், நாலில் ஒருவருக்கு அது நோயாகத் தங்கியது. கண்ட சம்பவங்களின் வகையும் எண்ணிக்கையும் கூடக்கூட நோயின் வாய்ப்பும் கூடியது. நோய்ப்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஞாபகசக்தியும் குறைந்திருந்தன. மந்தம் என்று வாத்தியார் சொன்னதற்குப் பின்னால் இருந்தது இதுதான்.

அப்படியானால் அந்த நாலில் ஒரு பிள்ளைக்கு என்ன வைத்தியம்? வெகுநாள் வழக்கத்தில் இருந்தது, நடந்ததைப் பேசாதே, பழையதைக் கிளறாதே என்பது. வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் சொல்வார்கள். இதற்கு நேரெதிராக மேற்கு நாடுகளில் ஒரு பழக்கம் வந்தது. சம்பவம் நடந்த சில நாளிலேயே எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டச் சொல்வது. இரண்டும் பயன்படவில்லை. ஒரே அமர்வில் கொட்டவைப்பது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று 2002-இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் இப்போது அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறது. பேசாமலும் இருக்கக்கூடாது, ஒரேயடியாகக் கிளறவும் கூடாது என்றால் எப்படித்தான் பேசவைப்பது?

ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷௌவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பெர்ட் ஆகிய மூவரும் உருவாக்கிய முறை இதற்கு ஒரு பதில். கதைசொல்லி வெளிப்படுத்தும் சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம். பிள்ளைகளுக்கான வடிவத்துக்கு கிட்நெட் என்று பெயர். சோதனைக்கூடத்தில் பிறந்த முறையல்ல இது. முகாமில், மரத்தடியில், டாக்டர் இல்லாத இடத்தில் செய்வதற்கென்றே திட்டமிட்டது. அதனால் கருவிகளும் எளியவை: ஒரு கயிறு, கொஞ்சம் பூ, கொஞ்சம் கல்.

ஒரு பதினொரு வயதுப் பையனை நினைத்துக்கொள்வோம். தரையில் கயிற்றை நீட்டிப் போடுகிறார் உளவளத்துணையாளர். ஒரு முனை அவன் பிறந்த நாள். மறு முனையைச் சுருட்டி வைக்கிறார். அது இனி வாழப்போகிற காலம். பிறந்தது முதல் இன்றுவரை நடந்த நல்லவற்றுக்கு ஒவ்வொரு பூ வைக்கச் சொல்கிறார், கெட்டவற்றுக்கு ஒவ்வொரு கல். பெரிய சம்பவத்துக்குப் பெரிய கல்லைப் பையனே தேடி எடுப்பான். முதல் நாள் அவ்வளவுதான். விளக்கம் கேட்பதில்லை, பெயர் மட்டும் வைக்கிறார்கள். அம்மம்மா வீடு, சைக்கிள், பங்கர், படகு.

அடுத்தடுத்த அமர்வுகளில் கயிற்றின் தொடக்கத்திலிருந்து வரிசையாக நடந்து வருகிறார்கள். பூக்களிடம் கொஞ்சம் நின்று, கற்களிடம் வெகுநேரம் நின்று. கல்லிடம் வந்ததும் கதை வேகம் குறைகிறது.

"அப்ப நீ எங்க நிண்டனீ?"

"பங்கர் வாசல்ல."

"என்ன மணத்தது?"

"ஈர மண். பிறகு மருந்து மணம்."

"இப்ப சொல்லேக்க நெஞ்சு என்ன செய்யுது?"

"அடிக்குது."

"அண்டைக்கும் இப்பிடித்தான் அடிச்சதோ? இப்ப எங்க இருக்கிறாய்?"

"இஞ்ச. பள்ளிக்கூடத்தில."

இந்தக் கடைசிக் கேள்விதான் வைத்தியத்தின் உயிர். பயம் உடம்பில் ஏறும்போது அதை அமுக்காமல், ஓடவும் விடாமல், அன்று அங்கே என்றும் இன்று இங்கே என்றும் இரண்டையும் பையனே தன் வாயால் பிரித்துச் சொல்கிறான். பயம் தணியத் தொடங்கும்வரை அந்தக் கல்லை விட்டு நகர்வதில்லை. பாதியில் மணி அடித்துவிட்டது என்று எழுந்துபோனால், பயம் உச்சத்தில் இருக்கும்போதே கதையை அறுத்த மாதிரி ஆகிவிடும். அதைவிடத் தொடங்காமலிருப்பதே மேல். துணையாளர் ஒவ்வொரு அமர்வையும் எழுதிவைத்து அடுத்த அமர்வில் வாசிக்கிறார், பையன் திருத்துகிறான். கடைசியில் பிறந்தது முதல் இன்றுவரை ஒரு முழுக் கதை எழுத்தில் நிற்கிறது. தன் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை அவன் வீட்டுக்கு எடுத்துப்போகிறான். சுருட்டி வைத்த கயிற்றைப் பிரித்து, வரப்போகும் காலத்துக்கும் சில பூக்களை வைத்துவிட்டு முடிக்கிறார்கள்.

இந்த முறை தமிழ்ப் பிள்ளைகளிடமே சோதிக்கப்பட்டது என்பது நம் வாசகர் பலருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது இலங்கையின் வடகிழக்கில் ஏற்கெனவே கொன்ஸ்டான்ஸ் குழு பயிற்சி கொடுத்திருந்த உள்ளூர்த் துணையாளர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள். போரையும் கண்டு சுனாமியிலும் அகப்பட்ட 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். 16 பேருக்குக் கிட்நெட், 15 பேருக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும் தசைத் தளர்வும். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கிட்நெட் பெற்றவர்களில் 81 சதவீதம் பேர் நோய் நீங்கியிருந்தார்கள். தியானக் குழுவில் 71 சதவீதம்.

பத்துப் புள்ளி வித்தியாசத்தைக் கண்டு எது உயர்ந்தது என்று சண்டை பிடிக்க இதில் ஒன்றுமில்லை. 31 பேரில் அது ஒன்றிரண்டு பிள்ளைகளின் கணக்கு. என்னைக் கேட்டால் முக்கியமான சேதி வேறு இரண்டு. செய்தவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற ஊர் வாத்தியார்களும் டீச்சர்களும். இரண்டாவது, தியானக் குழுவும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதற்கு வெகுகாலம் முன்பே போர்ச்சூழலில் மூச்சுப் பயிற்சியையும், சைவருக்கு மந்திரம் கத்தோலிக்கருக்கு ஜெபம் என்று அவரவர் சமயத்து உச்சாடனத்தையும் சிகிச்சையாகக் கையாண்டவர். உள்ளூர்க்காரன் சொன்னதை ஜெர்மன்காரன் எண்ணிக் காட்டிய பிறகு நம்புவது நமக்குப் பழக்கம்தானே.

ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. சிகிச்சையே கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஆறு மாதத்தில் பாதிப்பேர் தாமாகத் தேறியிருக்க மாட்டார்களா? சுனாமி முடிந்த கையோடு செய்த ஆய்வு ஆகையால் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் 2010-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே தஞ்சம் கேட்டு வந்திருந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் 26 பேரைப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எட்டு அமர்வு கிட்நெட். மறு பாதி காத்திருப்புப் பட்டியலில். காத்திருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள், சிகிச்சை பெற்றவர்கள் தேறினார்கள், ஒரு வருடம் கழித்தும் அந்தத் தேற்றம் நின்றது. சொந்த ஊர் போய்ச் சேராமல், நிம்மதியான குடியிருப்பு அமையாமல், மனவைத்தியம் பலிக்காது என்று சொல்கிறவர்களுக்கு இது போதுமான மறுமொழி.

ஆனால் இலங்கையிலேயே நடந்து 2012-இல் வெளியான இன்னோர் ஆய்வு நம்மை நிதானிக்கச் செய்கிறது. வடக்கில் போர் நடந்துகொண்டிருந்த காலம். 399 பள்ளிப் பிள்ளைகள். வகுப்பாகக் கூட்டி ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள்: விளையாட்டு, ஓவியம், கதை, கூட்டுப் பேச்சு. நோய்ப்பட்டவர்களுக்கான தனிச் சிகிச்சையாக அல்லாமல், முன்தடுப்பாக ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். மனவடு, மனச்சோர்வு, பதற்றம் எதிலும் மொத்தமாகப் பார்த்தால் பலனில்லை. அடிதடிப் போக்கு மட்டும் குறைந்தது. பையன்களுக்குச் சிறிது நன்மை தெரிந்தது. பெண்பிள்ளைகளிலோ வகுப்புக்கு வந்தவர்களைவிட வராமல் காத்திருந்தவர்களே மனவடுவில் வேகமாகத் தேறினார்கள். அன்றாடம் போர் நெருக்கடி குறைவாக இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் கூடுதலாகக் கிடைத்தது. நெருக்கடி மிகுந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை. நல்ல மனதோடு செய்தாலும் வீணாகலாம், சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்பதை ஒளிக்காமல் வெளியிட்ட அந்தக் குழுவுக்கு மரியாதை செலுத்த வேண்டும். முகாமுக்கு ஒருநாள் வேனில் வந்து, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கிரேயான் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகிற தொண்டு நிறுவனங்கள் அனைத்தும் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

விளையாட்டும் ஓவியமும் வேண்டாம் என்று பொருளில்லை. மட்டக்களப்பில் 1996-இல் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாவின் ஓவியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் அடிபட்ட தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வந்து, களிமண், நாடகம், தோட்டம், கதை என்று மாதக்கணக்கில் சேர்ந்திருக்கவிட்டார்கள். ஐந்து வார வகுப்பு அது இல்லை. ஒரே முகங்களோடு நீண்ட காலம் பழகும் இடம். பிள்ளைக்கு நம்பிக்கை வருவது பாடத்திட்டத்தால் வருவதில்லை, நாளைக்கும் அதே ஆள் வருவார் என்பதால் வருகிறது.

லண்டன் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய நாளில் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைக் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டாரத்தி பர்லிங்ஹாமும் 1943-இல் எழுதியதும் இதை ஒட்டியதே. அம்மா பக்கத்திலிருந்து, அவள் நிலைகுலையாமல் இருந்தால், குண்டுச் சத்தம் பிள்ளையை அவ்வளவாக உடைப்பதில்லை. பாதுகாப்புக்கென்று அம்மாவிடமிருந்து பிரித்துக் கிராமத்துக்கு அனுப்பிய பிள்ளைகளே கூடுதலாகத் துவண்டார்கள். போரைப் பிள்ளை நேரடியாகப் பார்ப்பதைவிட அம்மாவின் முகத்தில்தான் அதிகம் பார்க்கிறது.

பெருமாள்புரத்துக்கும் பழவிளைக்கும் இது எப்படிப் பொருந்துகிறது என்று பார்ப்போம். 1990-இல் எட்டு வயதில் படகேறிய பையன் இன்று நாற்பதைத் தாண்டிய தகப்பன். அவனுக்கு அன்று யாரும் கயிறு விரிக்கவில்லை. முகாமில் இப்போது பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் அநேகர் இங்கேயே பிறந்தவர்கள். ஷெல்லைக் கேட்டதில்லை, பங்கரைப் பார்த்ததில்லை. அப்படியானால் போர் அவர்களைத் தொடவில்லையா? சுனாமிக்குப் பின் இலங்கை வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான அறிக்கை இந்த இடத்தில் உதவுகிறது. அவர்களில் 30 சதவீதம் பேருக்கு மனவடு நோய் இருந்தது. போரும் சுனாமியும் காரணங்கள் என்பதில் வியப்பில்லை. அவற்றோடு மூன்றாவது ஒன்றும் கணக்கில் நின்றது: வீட்டில் விழும் அடி. அந்த அடிக்கும் தகப்பனின் குடிக்கும் தொடர்பு இருந்தது. வைத்தியம் கிடைக்காத போர், தகப்பனின் கை வழியாக அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது. முகாம் தகப்பன்மார் எல்லோரும் குடித்து அடிப்பவர்கள் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர் தகப்பனையும் தாயையும் பாராமல் திரும்பக் கூடாது என்பதே இதன் சாரம்.

அன்றாடமும் சேர்ந்துகொள்கிறது. 2021-இல் அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாகவும் மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் உயர்த்தியது, புது வீடுகள் கட்டுவதாக அறிவித்தது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் கியூ பிரிவுப் போலீஸ் கண்காணிப்பும் தலைக்கணக்கும் முகாம் வாழ்வில் ஒட்டியே இருக்கின்றன. 1987 ஜூலை 1-க்குப் பின் இங்கே பிறந்த பிள்ளை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆவதில்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கு, குடியுரிமை கேட்கிற ஒவ்வொரு விண்ணப்பப் படிவமும் ஒரு கல். அவளுக்குக் கயிறு விரித்தால் பங்கர் என்று ஒரு கல் இருக்காது. விண்ணப்பம் என்று நாலைந்து இருக்கும். இதை உளவியலால் கரைக்க முடியாது. டெல்லியில் கையெழுத்துப் போட்டால்தான் கரையும்.

ஆனால் அந்தக் கையெழுத்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். தஞ்சம் உறுதியாகாத பிள்ளைகளும் தேறினார்கள் என்று ஜெர்மன் ஆய்வு காட்டிவிட்டது. இங்கே செய்யக்கூடியது என்ன என்று என் கருத்தைச் சொல்கிறேன். முகாம் முழுவதற்கும் ஒரே வகுப்பு என்ற பழக்கத்தை விட வேண்டும். உண்மையாகவே நோய்ப்பட்ட பிள்ளையை, அது போர் கண்டு வந்ததானாலும் வீட்டில் அடிபட்டதானாலும், தனியாக இனங்கண்டு ஆறோ எட்டோ அமர்வு முறையாகக் கொடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டியது சிகிச்சை அல்ல. மாலை ட்யூஷன், விளையாடத் திடல், அடிக்காத தகப்பன், விலாசமுள்ள எதிர்காலம்.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டால், ஆள் முகாமிலேயே இருக்கிறது. சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நாற்பது வருடமாக முகாம்களில் அகதிகளைக் கொண்டே வேலை செய்து வருகிறது. சென்னையின் மனநல மருத்துவர் லக்ஷ்மி விஜயகுமாரும் சகாக்களும் தமிழ்நாட்டின் இரண்டு இலங்கைத் தமிழர் முகாம்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருந்தவர்களை அடிக்கடி போய்ப் பார்த்துப் பேசவும் நெருக்கடி நேரத்துக்கான திட்டத்தை ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கவும் வைத்தார்கள். அங்கே தற்கொலை முயற்சிகள் குறைந்தன. 2017-இல் அது வெளியானது. பெரியவர்களுக்கு ஆனது பிள்ளைகளுக்கும் ஆகும். இலங்கையின் வடகிழக்கில் வாத்தியாரால் முடிந்தது குமரியில் முடியாமல் போகக் காரணமில்லை.

இந்த மாவட்டத்துக்கு அனுபவமும் புதிதல்ல. சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி என்று இந்தக் கரையில் ஏறக்குறைய 800 பேர் போனார்கள். கடலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் கடலுக்குப் பயந்தார்கள். அப்போது பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களுக்கு வந்து ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் மறுபடி அதே தேவை வந்தது. துயரம் வந்த பிறகு பயிற்சி, பயிற்சி முடிந்ததும் மறதி என்று போகாமல், முகாம்களுக்குப் பக்கத்துப் பள்ளிகளிலும் கடற்கரைப் பள்ளிகளிலும் ஓர் ஆசிரியருக்காவது நிரந்தரமாக இந்தப் பயிற்சியைக் கொடுத்துவைப்பது பெரிய செலவில்லை. அவருக்கு மேலே மேற்பார்வைக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு இருக்கிறது. மேற்பார்வை இல்லாமல் இதை யாரும் செய்யக்கூடாது. கல்லைத் தொட்டுவிட்டுப் பாதியில் விடுவது ஆபத்து என்று மேலே சொன்னதை மறக்க வேண்டாம்.

திருநீறு போடுவதையும் தர்காவில் ஓதிப் பார்ப்பதையும் சர்ச்சில் எண்ணெய் பூசி ஜெபிப்பதையும் பற்றி ஒரு வார்த்தை. பயந்த பிள்ளையை இந்த மாவட்டத்துத் தாய்மார் முதலில் கொண்டுபோவது அங்கேதான். தடுக்கத் தேவையில்லை. பெரியவர் ஒருவர் தலையில் கைவைத்து, இனி ஒன்றும் வராது என்று சொல்வதில் பிள்ளைக்கு ஆறுதல் உண்டு. தயா சோமசுந்தரம் உச்சாடனத்தைக் கைவிடாததும் அதனால்தான். அடித்து, கட்டிவைத்து, புகைபோட்டு ஓட்டுகிற இடமானால் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக, முகாம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு. தூக்கம் கெட்டு, படுக்கை நனைத்து, சத்தத்துக்கு விறைத்து, ஒரே விளையாட்டை விளையாடி, படிப்பு சட்டென்று விழுந்த பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருந்து, அது ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால், மந்தம் என்று எழுதுவதற்கு முன் 14416-க்கு ஒரு போன் போடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 முதல் இயங்குகிறது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.